குற்றவாளி... லென்ஸா, கொக்கா?

திருப்பிப் பேசாது என்று தெரிந்துவிட்டால் நமக்கு ரொம்ப சௌகரியம். ஆபீஸுக்கு லேட்டா? சிக்னல்மேல் பழி. ரிப்போர்ட்டில் கூட்டல் தப்பா? கம்ப்யூட்டர்மேல் பழி. இந்தப் பட்டியலில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பரிதாப ஜீவன், டெலிபோட்டோ லென்ஸ்.

சந்தேகமிருந்தால் நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேடந்தாங்கல் போய்ப் பாருங்கள். சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். ஏரிக்கரை நெடுக, பீரங்கியைத் தூக்கிக்கொண்டு வந்த மாதிரி 150-600 மி.மீ. லென்ஸ்களோடு இளைஞர் பட்டாளம். திங்கள் முதல் வெள்ளி வரை எக்ஸெல் ஷீட்டோடு மல்லுக்கட்டுகிறவர்கள். காலையில் வரும்போது முகத்தில் ஒரு தேஜஸ் இருக்கும். மத்தியானம் டீக்கடையில் உட்கார்ந்து, எடுத்த படங்களை கேமரா திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது அது வடிந்துவிடும். கூழைக்கடா நிஜமாகவே கூழாக இருக்கும்!

"லென்ஸ் சரியில்லை பாஸ். வித்துட வேண்டியதுதான்."

இந்த ஒரு வாக்கியத்தால் பாதி விலைக்குக் கைமாறுகிற லென்ஸ்கள் உண்டு. வாங்குகிற ஆசாமிக்கு அதிர்ஷ்டம். விற்கிறவருக்கு இ.எம்.ஐ. மட்டும் மிச்சம்.

நான் படித்தது பி.காம். எங்கள் ஜாதிக்கு ஒரு பழைய தந்திரம் தெரியும். டிரயல் பாலன்ஸ் டாலி ஆகவில்லையென்றால், வித்தியாசத் தொகையைத் தூக்கி 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்ற தலைப்பில் போட்டுவிடுவோம். அதோடு வேலை முடியாது. பிறகு ஒவ்வொரு என்ட்ரியாகத் தேடி அந்த சஸ்பென்ஸைக் காலி செய்தாக வேண்டும். 'லென்ஸ் சரியில்லை' என்பதும் அப்படி ஒரு சஸ்பென்ஸ் அக்கவுன்ட்தான். உள்ளே நாலைந்து தனித்தனிக் குற்றங்கள் ஒளிந்துகொண்டிருக்கும்.

நண்பர் ஒருவர், தனியார் கம்பெனி ஒன்றில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறவர், 24 மாதத் தவணையில் இப்படி ஒரு லென்ஸ் வாங்கியிருந்தார். படம் தெளிவாக இல்லை. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய், "ஷார்ப்பா இல்லை சார்" என்றார். அவர்கள் ஒரு வாரம் வைத்திருந்து, 'பரிசோதித்தோம், நார்மல்' என்று ஒரு சீட்டோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வாரன்ட்டி முடிய இன்னும் மூன்று வாரம். விற்பதா, வைத்துக்கொள்வதா என்று புரியாமல் என்னிடம் வந்தார்.

"சார், லென்ஸ் மேல தப்பா, என் மேல தப்பா? அதை மட்டும் சொல்லிடுங்க."

"எடுத்த படங்களையெல்லாம் பென் டிரைவ்ல கொண்டாங்க. வவுச்சர் பார்க்கிற மாதிரி ஒண்ணொண்ணா பார்த்துடலாம்" என்றேன்.

அந்த மூன்று வாரத்தில் நாங்கள் செய்ததைத்தான் கீழே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

ஆட்டோஃபோகஸ் என்கிற மாயம்

ஆட்டோஃபோகஸ் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், எங்கே ஏமாறும் என்பதும் தெரிந்துவிடும்.

லென்ஸின் இடது பாதி வழியாக வரும் வெளிச்சத்தையும் வலது பாதி வழியாக வரும் வெளிச்சத்தையும் கேமரா தனித்தனியாகப் பார்க்கிறது. இரண்டு பிம்பங்களும் ஒத்துப்போனால் ஃபோகஸ் ஆகிவிட்டது என்று அர்த்தம். விலகி இருந்தால் எவ்வளவு, எந்தப் பக்கம் என்று கணக்குப் போட்டு லென்ஸ் மோட்டாருக்கு உத்தரவு போடுகிறது. நம் இரண்டு கண்களும் தூரத்தைக் கணிப்பது மாதிரிதான்.

கேமராவுக்குள்ளேயே இந்த வித்தையை அடக்கி, வியாபாரத்திலும் ஜெயித்துக் காட்டிய முதல் எஸ்.எல்.ஆர். கேமரா, 1985-ல் வந்த மினோல்ட்டா 7000. ஜெயித்த கையோடு கோர்ட்டுக்கும் போக வேண்டி வந்தது. எங்கள் காப்புரிமையைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று அமெரிக்காவின் ஹனிவெல் கம்பெனி வழக்குப் போட, 1992-ல் மினோல்ட்டா 12 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. அவ்வளவு விலை உயர்ந்த வித்தை!

ஆனால், ஒத்துப்பார்ப்பதற்கு இரண்டு பிம்பத்திலும் ஏதாவது கோடு, விளிம்பு, புள்ளி இருக்க வேண்டும். வெளுத்த வானத்தின் முன்னால் வெள்ளைக் கொக்கு பறந்தால் கேமரா எதை ஒத்துப்பார்க்கும்? லென்ஸ் முன்னும் பின்னும் 'ஸ்ஸ்... ஸ்ஸ்...' என்று அலையும். இதற்குப் போய் லென்ஸைத் திட்டாதீர்கள். ஃபோகஸ் புள்ளியைக் கொக்கின் நடு வயிற்றில் வைக்காமல் கண், அலகு, இறக்கையின் ஓரம் என்று வித்தியாசம் தெரிகிற இடத்தில் வையுங்கள். அல்லது முதலில் கையால் வளையத்தைத் திருப்பி ஏறக்குறைய தெளிவாக்கிவிட்டு, மிச்சத்தை ஆட்டோஃபோகஸிடம் விடுங்கள்.

படமே சாட்சி சொல்லும்

நண்பரின் பென் டிரைவைத் திறந்தோம். மங்கலான படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் நாலு விதமாகப் பிரிந்தன.

முதல் வகை: படம் முழுக்க ஒரே திசையில் இழுபட்டிருக்கும். கிளை, பறவை, தண்ணீர் எல்லாமே. இது கை ஆட்டம்.

இரண்டாவது: கிளை தெளிவு, பறவை மட்டும் இழுபடும். பறவையின் வேகத்துக்கு ஷட்டர் வேகம் போதவில்லை.

மூன்றாவது: பறவை மங்கல். ஆனால் அதற்கு முன்னாலோ பின்னாலோ ஏதோ ஒரு இலை, பல் தேய்த்துவிட்டு வந்த மாதிரி பளிச்சென்று இருக்கும். ஃபோகஸ் இடம் மாறியிருக்கிறது.

நான்காவது: எதுவுமே தெளிவில்லை. திசையும் கிடையாது. விளிம்புகள் நெளிநெளியாக, தண்ணீருக்குள் பார்ப்பது போலிருக்கும். இது காற்றின் கைவரிசை.

ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. பிரிக்காமல் மொத்தமாக 'ஷார்ப்பா இல்லை' என்று சொன்னால், டாக்டரிடம் போய் 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொல்வது மாதிரி. பாரசிட்டமால் கொடுத்து அனுப்பிவிடுவார்.

கையும் காற்றும்

பழைய விதி ஒன்று உண்டு. லென்ஸ் எத்தனை மி.மீ.யோ, அத்தனையில் ஒரு பங்கு விநாடி. 600 மி.மீ. என்றால் 1/600. நடுத்தர விலை கேமராக்களில் சென்ஸார் சிறியது. அதற்காக ஒன்றரை மடங்கு சேர்த்தால் 1/900. ஆக 1/1000-க்குக் கீழே இறங்காமல் இருப்பது உத்தமம். பறக்கிற பறவைக்கு 1/2000 அல்லது அதற்கு மேல். நண்பரின் படங்கள் பலவற்றில் 1/320 என்றிருந்தது.

"ஐ.எஸ்.ஓ.வை ஏத்தினா புள்ளி புள்ளியா வருதே சார்?"

வரட்டும். புள்ளியைப் பிற்பாடு கம்ப்யூட்டரில் குறைத்துக்கொள்ளலாம். ஆடின படத்தை உட்கார வைக்க எந்தக் கம்ப்யூட்டராலும் முழுசாக முடியாது.

லென்ஸில் ஆட்டத்தைக் குறைக்கும் 'ஸ்டெபிலைசர்' இருக்கிறதே என்பீர்கள். அது உங்கள் கையைத்தான் கட்டுப்படுத்தும், மீன்கொத்தியை அல்ல. பட்டனைப் பாதி அழுத்தி, காட்சி நிலைகொள்ள அரை விநாடி கொடுத்துவிட்டுச் சுடுங்கள். முக்காலியில் மாட்டினால், முக்கியமாகப் பழைய மாடல் லென்ஸ்களில், ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள். இல்லாத ஆட்டத்தை அது தேடப் போய், அதுவே ஆட்டமாகிவிடும்.

அடுத்தது காற்று. வெயில் ஏற ஏற, தரையிலிருந்து சூடான காற்று மேலே கிளம்புகிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் வெளிச்சத்தை வேறு வேறு அளவில் வளைக்கும். தார் ரோட்டில் மத்தியானம் தெரிகிற கானல், கண்ணுக்குத் தெரியாத அளவில் எல்லா இடத்திலும் இருக்கிறது. சாதாரண லென்ஸில் அது தெரியாது. டெலிபோட்டோ பறவையைப் பெரிதாக்கும்போது அந்த நெளிவையும் சேர்த்தே பெரிதாக்கிக் கொடுக்கும். எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய லென்ஸானாலும் இதற்கு மருந்து கிடையாது. விடிந்ததிலிருந்து வெயில் உறைக்கும்வரை எடுங்கள். அல்லது பறவைக்குக் கிட்டே போங்கள். ஏ.சி. காரின் ஜன்னலை இறக்கிவிட்டு எடுத்தாலும் இதே கதைதான். உள்ளே குளிர், வெளியே சூடு, நடுவில் லென்ஸ்!

நண்பரின் நெளிநெளிப் படங்களில் பெரும்பாலானவை பகல் பதினொன்றுக்கு மேல் எடுத்தவை. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு எழுந்து, இட்லி வடை சாப்பிட்டுக் கிளம்பினால் வேறெப்படி இருக்கும்?

ஏழு சென்டிமீட்டர் சுதந்திரம்

மூன்றாவது வகைக்கு ஒரு சின்னக் கணக்கு. சிறிய சென்ஸார் கேமராவில் 600 மி.மீ. லென்ஸ், எஃப் 6.3 திறப்பு, 10 மீட்டரில் பறவை. தெளிவாக விழுகிற ஆழம் முன்னும் பின்னுமாகச் சேர்த்து ஏறக்குறைய 7 செ.மீ. அவ்வளவுதான். கூழைக்கடாவின் அலகு மட்டுமே சுமார் ஒரு அடி நீளம். அது உங்களை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அலகு நுனியில் ஃபோகஸ் விழுந்தால், கண் மங்கத்தான் செய்யும். கண் மங்கிய படம், மற்றதெல்லாம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மங்கிய படம்தான்.

ஆகவே கேமராவிடம் 'நீயே ஐம்பது புள்ளியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்' என்று சொல்லாதீர்கள். அது பெரும்பாலும் கிட்டே இருப்பதைப் பிடிக்கும். கோரைப் புல் நடுவே குருட்டுக்கொக்கு நின்றால் புல்லுக்குத்தான் யோகம். ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்தெடுத்துக் கண்ணில் வையுங்கள். பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் மிரர்லெஸ் கேமராக்கள் இப்போது வந்துவிட்டன. அவையும் புல்லுக்குள் சில சமயம் ஏமாறும். திறப்பை எஃப் 8-க்குக் குறைத்தால் ஆழம் கொஞ்சம் கூடும். நடுத்தர விலை ஜூம் லென்ஸ்கள் பலவும் 600-ல் எஃப் 8 வைத்தால் இன்னும் கூர்மையாகும்.

இன்னொன்று. ஓடுகிற, பறக்கிற பொருளுக்கான தொடர் ஃபோகஸில் பல கேமராக்கள் 'ஃபோகஸ் ஆனாலும் ஆகாவிட்டாலும் சுடு' என்ற ஏற்பாட்டோடுதான் கடையிலிருந்து வருகின்றன. படபடவென்று 20 படம் விழும், நாலுதான் தேறும். மெனுவில் போய் 'ஃபோகஸுக்கு முன்னுரிமை' என்று மாற்றிக்கொள்ளலாம்.

சில்லறைக் குற்றவாளிகள்

லென்ஸின் பக்கவாட்டில் இருக்கிற சுவிட்சுகளைப் பாருங்கள். ஒன்றில் ஃபோகஸ் எல்லை குறித்திருக்கும். அது '10 மீட்டரிலிருந்து' என்றிருந்தால் ஐந்து மீட்டரில் உட்கார்ந்திருக்கும் மைனா ஜன்மத்துக்கும் ஃபோகஸ் ஆகாது. அதைத் தவிர, ஒவ்வொரு லென்ஸுக்கும் இதைவிடக் கிட்டே வராதே என்று ஒரு எல்லை உண்டு. பல 150-600 லென்ஸ்களுக்கு அது 2-லிருந்து 3 மீட்டருக்குள்.

டெலிகன்வர்ட்டர் மாட்டியிருக்கிறீர்களா? இரண்டு மடங்கு கன்வர்ட்டர், எஃப் 5.6 லென்ஸை எஃப் 11 ஆக்கிவிடும். பல டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களின் ஆட்டோஃபோகஸ், எஃப் 5.6 அல்லது எஃப் 8-க்கு மேல் வேலை நிறுத்தம் செய்துவிடும்.

மாட்டும் இடத்தில் இருக்கிற தங்க நிறப் புள்ளிகளில் அழுக்குச் சேர்ந்தால் லென்ஸும் கேமராவும் பேசிக்கொள்ளாது. காய்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் சமாதானம் ஆகிவிடும்.

முன்னால் திருகியிருக்கும் யு.வி. ஃபில்ட்டர் ஒரு முக்கியமான சந்தேக நபர். லட்ச ரூபாய் லென்ஸுக்கு முன்னால் முன்னூறு ரூபாய்க் கண்ணாடி! நீளமான லென்ஸில் மட்டமான ஃபில்ட்டரின் குறை அப்பட்டமாகத் தெரியும். கழற்றிவிட்டு ஒன்று, போட்டுவிட்டு ஒன்று என்று எடுத்துப் பாருங்கள். நண்பர் பார்த்தார். ஃபில்ட்டர் இப்போது அவர் மேஜையில் பேப்பர் வெயிட்.

சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் பூஞ்சையையும் பார்த்தாக வேண்டும். லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கமிருந்து டார்ச் அடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை. ஆரம்பத்திலேயே கொடுத்தால் சுத்தம் செய்துவிடுவார்கள். விட்டால் கண்ணாடியின் பூச்சையே தின்றுவிடும். தோல் பையில் போட்டு பீரோவில் பூட்டுவதைவிட, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைப்பது மேல். ஒன்றிரண்டு தூசி தெரிந்தால் பதறாதீர்கள். அதனால் படத்துக்கு ஒன்றும் ஆகாது.

பிஸ்கட் பரீட்சை

இத்தனையும் சரிசெய்த பிறகும் மங்கல் மிச்சமிருந்தால்தான் லென்ஸைக் கூண்டில் ஏற்ற வேண்டும். நண்பரின் கணக்கில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அவர் குடியிருக்கும் ஃபிளாட்டின் கார் நிறுத்துமிடத்தில், வெயில் வருவதற்கு முன் பரீட்சை வைத்தோம். மொட்டை மாடி வேண்டாம். தளத்துச் சூடு பொய்ச் சாட்சி சொல்லும்.

ஐந்து பிஸ்கட் பாக்கெட்டுகளை ஒன்றையொன்று மறைக்காமல் படிக்கட்டு வரிசையாக நிறுத்துங்கள். ஒவ்வொன்றும் அடுத்ததற்கு 10 செ.மீ. பின்னால். 15 மீட்டர் தள்ளி முக்காலியில் கேமரா. திறப்பு முழுசாக, ஸ்டெபிலைசர் ஆஃப், இரண்டு விநாடி டைமர். நடு பாக்கெட்டின் எழுத்தில் ஃபோகஸ் செய்து பத்து படம் எடுங்கள். ஒவ்வொரு முறையும் வளையத்தைத் திருப்பிக் கெடுத்துவிட்டு மறுபடி ஃபோகஸ் செய்ய வேண்டும்.

பத்தில் சிலது முன்னால், சிலது பின்னால் என்று சிதறினால் அது ஆட்டோஃபோகஸின் சகஜமான தடுமாற்றம். எல்லாமே ஒரே பக்கம் விழுந்தால் கேமராவும் லென்ஸும் ஒத்துப்போகவில்லை. டி.எஸ்.எல்.ஆர்.-ல் ஃபோகஸ் பார்க்கும் சென்ஸார் ஓரிடம், படம் பதியும் சென்ஸார் வேறிடம். அதனால் இந்தத் தகராறு வரும். லைவ் வியூ திரையில் பார்த்து எடுத்தால் நடு பாக்கெட் தெளிவு, வியூ ஃபைண்டரில் பார்த்து எடுத்தால் மங்கல் என்றால் சந்தேகமே இல்லை. பல கேமராக்களில் மெனுவிலேயே இதற்குத் திருத்தம் இருக்கிறது. மிரர்லெஸ்ஸில் இரண்டு வேலையையும் ஒரே சென்ஸார் பார்ப்பதால் இந்தப் பிரச்னை அநேகமாக இல்லை.

நண்பருக்குப் பத்தில் ஒன்பது, பின்னால் இருந்த பாக்கெட்டில் விழுந்தது. மெனுவில் திருத்தினோம். நடு பாக்கெட்டுக்கு வந்துவிட்டது.

அடுத்தது செய்தித்தாள் பரீட்சை. தினசரியை இரண்டு பக்கமாக விரித்துச் சுவரில் ஒட்டி, அதே 15 மீட்டரிலிருந்து எடுத்தால் 600 மி.மீ.க்குப் படம் முழுக்க நிறையும். இடது பக்கம் எழுத்தெல்லாம் கத்தி மாதிரி. வலது பக்கம் குழம்பியிருந்தது. சுவருக்கு நேராக கேமரா நிற்கவில்லையோ? முக்காலியின் வளையத்திலேயே லென்ஸையும் கேமராவையும் தலைகீழாகத் திருப்பி மறுபடி எடுத்தோம். சுவர்க் கோணல் என்றால், குழப்பம் செய்தித்தாளின் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். மாறாக, அது கேமராவோடு சேர்ந்து தாளின் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. அந்த மங்கல் பக்கத்தில் தனியாக ஃபோகஸ் செய்தும் தெளியவில்லை.

லென்ஸுக்குள் ஏதோ ஒரு கண்ணாடி மையம் விலகியிருக்கிறது. குற்றவாளி லென்ஸேதான்!

நண்பருக்குத் துக்கமா சந்தோஷமா என்று தெரியவில்லை. "அப்ப நான் சொன்னது சரிதானே சார்?" என்றார்.

"கால் பங்கு சரி" என்றேன்.

மறுபடி அதே சர்வீஸ் சென்டருக்குப் போனார். இந்தத் தடவை "ஷார்ப்பா இல்லை" என்று சொல்லவில்லை. இரண்டு செய்தித்தாள் படங்களையும், எடுத்த முறையையும் ஒரே பக்கத்தில் அச்சடித்து நீட்டினார். கவுன்ட்டரில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு உள்ளேயிருந்து டெக்னீஷியனைக் கூப்பிட்டார். வாரன்ட்டி முடிய ஆறு நாள் இருக்கும்போது லென்ஸ் உள்ளே போனது. மூன்று வாரம் கழித்துப் பைசா செலவில்லாமல் சரியாகித் திரும்பியது. முதல் சீட்டை நம்பி விற்றிருந்தால், இதே லென்ஸ் இன்னொருவர் தலைவலியாகப் போயிருக்கும்.

நம் ஊரில் மா. கிருஷ்ணன் (1912-1996) என்று ஒரு மேதை இருந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய மாதவையாவின் மகன். காட்டு யானைகளைக் கறுப்பு-வெள்ளையில் பிடித்தவர். பல பாகங்களை ஒன்று சேர்த்துத் தானே உருவாக்கிக்கொண்ட கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று செல்லப் பெயர் வைத்திருந்தார். ஆட்டோஃபோகஸெல்லாம் கிடையாது. அந்த யந்திரம் எங்கே சரியாக இருக்கும், எங்கே காலை வாரும் என்று தெரிந்திருந்தால்தான் அதை வைத்துக்கொண்டு யானைக்கு முன்னால் நிற்க முடியும். நம் லென்ஸோடு நமக்கு அவ்வளவு பழக்கம் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம் போதும்.

உங்கள் லென்ஸின் வாரன்ட்டி கார்டை எடுத்து முதலில் தேதியைப் பாருங்கள். நாள் மிச்சமிருந்தால் ஐந்து பாக்கெட் பிஸ்கட், ஒரு தினசரி வாங்குங்கள். பரீட்சையில் லென்ஸ் பாஸானாலும் சரி, ஃபெயிலானாலும் சரி, செலவு வீண் போகாது. டீயும் போட்டுக்கொண்டால் டிபன் முடிந்தது!